கஞ்சி மந்திரி

எங்கள் அமைச்சகத்தின் மூன்றாம் தளத்தில் மெரோவா நாட்டு வெளியுறவு மந்திரி ஓரன் தசெக் குடியிருந்தார். ஆள் இல்லை, அவருடைய நிழல். நிஜமான தசெக் கடலுக்கு அந்தப் பக்கம் தன் தலைநகரில் சுகமாக இருந்தார். எங்கள் தசெக் ஒரு கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து பேசினார். பெட்டிக்குப் பொறுப்பு நான். என் பெயர் அந்தோணி குரூஸ், ஆழிநாட்டின் வெளியுறவுச் செயலாளர்.

ஆழிநாட்டைப் பழைய வரைபடத்தில் தேட வேண்டாம். கடல் ஏறிவந்து கரையோர ஊர்களை விழுங்கிய பிறகு நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் காயலிலிருந்தும் கிளம்பியவர்கள், நடுக்கடலில் மிதவைகளைப் பிணைத்துக் கட்டிக்கொண்ட நாடு இது. படை என்று சொல்லிக்கொள்ள எட்டுப் படகு. பக்கத்து நாடான மெரோவாவின் கடற்படை எங்கள் எல்லையில் வரிசையாக நின்றால் அடிவானம் தெரியாது. இப்படிப்பட்ட நாட்டுக்குக் கனவு காண வசதி கிடையாது என்பது என் கட்சி. இன்றைக்கும் நான் அந்தக் கட்சியில்தான் இருக்கிறேன், யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

செங்கமலம் வெளியுறவு மந்திரியாகப் பொறுப்பேற்ற அன்று அவரை நிழலறைக்கு அழைத்துப் போனேன். நாகை மிதவைக்காரர். அரசியலுக்கு வருவதற்கு முன் மீட்புப் படகில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் கையால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு உண்டு. பெட்டியையும் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன குரூஸ், பொம்மையா?"

"நிழல்னு சொல்வோம் மேடம். அந்த ஆள் இதுவரைக்கும் பேசின பேச்சு, எடுத்த முடிவு, மிரட்டினது, பின்வாங்கினது எல்லாத்தையும் உள்ள ஊட்டியிருக்கோம். நாம ஒண்ணு செஞ்சா பதிலுக்கு அவர் என்ன செய்வார்னு இது சொல்லும். ஒரே கேள்வியை நூறு தடவை கேட்போம். தொண்ணூறு தடவை ஒரே பதில் வந்தா நம்பிடலாம்."

"மிச்சம் பத்து?"

"மனுஷன்தானே மேடம், கொஞ்சம் ஆடுவான்."

அவர் சிரித்தார். "நம்ம ஆளுங்களுக்கும் நிழல் இருக்கா?"

"நம்மவங்களை எதுக்கு மேடம் அளக்கணும்? நமக்குத் தெரியாதா?"

அது நாடு கட்டிய நாளிலேயே போட்ட விதி. மிதவை மிதவையாக ஆட்களைச் சேர்த்துக் கட்டியபோது, சொந்தக்காரனை வேவு பார்க்க மாட்டோம் என்று எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். அதனால் எங்கள் பெட்டியில் உலகத்தில் இருக்கிற பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள், எங்களைத் தவிர. இதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் ஆடிக் கொந்தளிப்பில் மெரோவாவின் நீர்மூழ்கி ஒன்று பழுதாகி எங்கள் எல்லைக்குள் மேலே வந்தது. எங்கள் கடலடிக் கேபிளில் ஒட்டுக்கேட்கும் கருவி மாட்ட வந்த கப்பல் அது. சந்தேகமே இல்லை, கருவி கையோடு கிடைத்தது. மூழ்குவதற்குள் எங்கள் மீட்புப் படகு போய்ப் பதினான்கு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தது.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தண்ணீரிலிருந்து தூக்கியவனுக்குப் பெயர் கேட்பதற்கு முன்பே காய்ந்த துணியும் சூடான கஞ்சியும் கொடுத்துவிடுவோம். கஞ்சி குடித்துவிட்டால் அவன் விருந்தாளி. அவனை அவன் கரையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது தூக்கியவர்களின் கடமை. கடலோடிகள் கட்டிய நாடு என்பதால் இது சட்டத்திலும் ஏறிவிட்டது. மீட்கப்பட்டவர்கள் வெளியுறவு மந்திரியின் பொறுப்பு. அவர்களை அனுப்ப அவர் கையெழுத்து ஒன்றே போதும், மந்திரிசபை தேவையில்லை.

செங்கமலம் மழைக்கோட்டோடு துறைக்கே வந்துவிட்டார். கஞ்சி வாளி பக்கத்தில் தயாராக இருந்தது. நான் அவர் காதருகில் போனேன்.

"மேடம், இவங்க ஒற்றர்கள். கஞ்சி ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க."

"நனைஞ்சிருக்காங்க குரூஸ்" என்றார். அவ்வளவுதான் அவருடைய வெளியுறவுக் கொள்கை. அகப்பையை அவரே எடுத்து முதல் குவளையை அந்தக் கப்பலின் கேப்டனிடம் கொடுத்தார். கடல் அடங்கியதும் ஊருக்கு அனுப்பிவைக்கிறோம் என்று அவனிடம் வாக்கும் கொடுத்தார்.

கடல் அடங்குவதற்குள் மெரோவா எங்கள் ஆய்வுக் கப்பல் 'சிப்பி'யைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. பொதுக் கடலில் மீன் கணக்கெடுத்துக்கொண்டிருந்த கப்பல். அதில் பதினொரு பேர். அவர்களில் ஒருவன் என் மகன் அருளப்பன்.

அன்று மாலையே மந்திரிசபை நிழலறையில் கூடியது. பிரதமர் வேதமாணிக்கம் பெட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குறுக்குப் பேச்சே பிடிக்காத மனிதர்.

"கேளுங்க குரூஸ். நாம பதினாலு பேரையும் சும்மா அனுப்பினா என்ன ஆகும்?"

கேட்டேன். தசெக்கின் நிழல் அவருக்கே உரிய வறண்ட குரலில் பதில் சொன்னது. மொழிபெயர்ப்பு இயந்திரத்துக்குப் பேச்சுத் தமிழ் வராது, பாடப் புத்தகம் போலத்தான் பேசும். "நன்றி தெரிவிப்பேன். பதினொரு பேரையும் வைத்துக்கொள்வேன். கப்பல் பாதையில் சலுகை கிடைக்கும் வரை பேச்சை இழுப்பேன்."

நூறு தடவை கேட்டதில் தொண்ணூற்றொரு தடவை இதே பதில். மாற்றிக் கேட்டேன்: ஆளுக்கு ஆள் பரிமாறிக்கொள்ளலாம் என்று நாங்கள் சொன்னால்? ஒரு மாதம் முரண்டு பிடித்துவிட்டு ஒத்துக்கொள்வேன் என்றது. அதிலும் தொண்ணூறுக்கு மேல்.

"அப்புறம் என்ன, பதினாலு பேரும் இங்கேயே இருக்கட்டும்" என்று பிரதமர் எழுந்தார்.

"இருக்க முடியாதுங்க" என்றார் செங்கமலம். "கஞ்சி குடிச்சிட்டாங்க. வாக்கும் கொடுத்தாச்சு."

"ஏம்மா, அது மீன்பிடிப் படகுக்கு உள்ள வழக்கம். இது அரசாங்கம். அவன் எந்த வழக்கத்தை மதிக்கிறான்?"

"அவன் மதிக்கறதைப் பொறுத்து மாறுற வழக்கம் நம்மகிட்ட இல்லையே ஐயா. இன்னைக்கு இவங்களைப் பிடிச்சு வெச்சா, நாளைக்கு நம்ம மீட்புப் படகு கிட்ட வந்தாலே தண்ணியில கிடக்கறவன் பயப்படுவான். நான் அந்தப் படகுல பன்னிரண்டு வருஷம் இருந்திருக்கேன். கயிறு போட்டா பிடிக்கணும். யோசிச்சா செத்துருவான்."

பிரதமர் கதவுப் பக்கம் நடந்தார். "கையெழுத்து உங்களோடது. போடுங்க. நம்ம பசங்க வரலேன்னா மந்திரி பதவியும் போகும், சொல்லிட்டேன்."

"சரிங்க" என்றார் செங்கமலம்.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். அதிகாரியாகப் பேச எனக்கு அப்போது தெம்பில்லை.

"மேடம், என் பையன் அங்க இருக்கான்."

"தெரியும் குரூஸ். அதனாலதான் அவங்க முன்னாடி உங்க முகத்தைப் பார்க்காம பேசினேன்."

"ஒரு மாசம் பொறுத்தா ஆளுக்கு ஆள் மாத்திக்கலாம். இது கணக்கு. என் பெட்டி பொய் சொல்லாது."

"பொய் சொல்லும்னு நான் சொல்லலையே" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை, கடவுள் இருக்கிறார் என்றோ எல்லாம் நல்லபடி நடக்கும் என்றோ, சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என் எதிரிலேயே கையெழுத்துப் போட்டார். எனக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது.

பதினான்கு பேரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். தசெக் நன்றி தெரிவித்தார். அதோடு சரி. என் பெட்டி சொன்னது எழுத்துப் பிசகாமல் நடந்தது.

ஊர் கொதித்துப்போய்விட்டது. துறைமுகச் சுவரெல்லாம் 'கஞ்சி மந்திரி' என்று எழுதினார்கள். அகப்பையோடு அவரைக் கேலிச்சித்திரம் போட்டார்கள். சபையில் ஒரு உறுப்பினர் வெறும் குவளையை நீட்டி, எனக்கும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்றார். செங்கமலம் காலையில் அமைச்சகத்துக்கு வருவதற்கு முன்னால் பதினொரு பேர் வீட்டுக்கும் போனார், காவலர் இல்லாமல், தினமும்.

என் வீட்டுக்கும் வந்தார். என் மனைவி பிலோமினா தூத்துக்குடிக்காரி, வாய்க்கு அஞ்சாதவள். கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்குப் பிள்ளை உண்டுமா?"

"இல்லம்மா."

"அதான். இருந்தா இப்படிச் செய்வியளா?"

"செய்வேன்னுதான் நினைக்கிறேன். உறுதியாச் சொல்லத் தெரியல."

"எதுக்கு இங்க வாறிய? மன்னிப்புக் கேக்கவா?"

"இல்லம்மா. நீங்க திட்டறதை யாராவது கேட்கணும் இல்ல?"

பிலோமினா திட்டினாள். சும்மா இல்லை, அடுத்த மிதவைக்குக் கேட்கும்படி திட்டினாள். செங்கமலம் நின்று முழுசாகக் கேட்டுவிட்டுப் போனார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் பிலோமினா வாசலில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். திட்டு ஒன்றும் குறையவில்லை. "நிண்ணுக்கிட்டே கேட்டா கால் வலிக்கும்லா, உக்காந்து கேளுங்க" என்றாள். நான் ஜன்னல் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எத்தனையோ மந்திரிகளுக்கு வேலை பார்த்திருக்கிறேன். தான் எடுத்த முடிவுக்கு எதிரில் தினமும் காலையில் போய் உட்கார்ந்த மந்திரியை அப்போதுதான் பார்த்தேன். கோபம் கோபமாகவே இருந்தது, மரியாதையும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

மெரோவாவிலிருந்து அசைவே இல்லை. பிரதமர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"போதும் குரூஸ். திங்கட்கிழமை நீங்க பொறுப்பேத்துக்குங்க. முதல்ல என்ன செய்வீங்க?"

நான் யோசிக்கக்கூட இல்லை. மெரோவாவின் கோதுமைக் கப்பல்கள் எங்கள் மிதவைகளுக்கு நடுவில் போகிற பாதையில்தான் வந்தாக வேண்டும். "பாதையை மூடுவேன் ஐயா. அவனுக்கு வலிக்கிற இடம் அதுதான்."

"நல்லது, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்றார். ஆனால் மந்திரி மாறப்போகிறார் என்ற செய்தியும் என் பெயரும் மட்டும் மறுநாளே பத்திரிகையில் வந்துவிட்டன. ஊர் சந்தோஷப்பட்டது. நானும் பட்டேன். என் மகனை நானே மீட்டுக்கொண்டு வரப்போகிறேன் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை மெரோவாவிலிருந்து செய்தி வந்தது. எல்லை மிதவைக்குப் படகு அனுப்பவும். பதினொரு பேரையும் ஒப்படைக்கிறோம். குரூஸ் நேரில் வர வேண்டும்.

நிழலறைக்கு ஓடிப்போய்ப் பெட்டியைக் கேட்டேன். ஏன் விடுகிறாய்? "விட மாட்டேன்" என்றது பெட்டி.

எல்லை மிதவையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மெரோவாப் படகிலிருந்து எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அருளப்பன் இளைத்துத் தாடி வைத்திருந்தான். "அப்பா" என்றான். அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படகில் ஏற்றினேன். திரும்பினால் தசெக் நின்றுகொண்டிருந்தார், நிஜமான தசெக். பெட்டியில் கேட்டதைவிடக் களைத்த குரல். காதில் மொழிபெயர்ப்பானை மாட்டிக்கொண்டோம்.

"எதற்காக விட்டேன் என்று கேட்க மாட்டீர்களா?" என்றார்.

"கேட்கத்தான் போறேன். எங்க மந்திரி முதல்ல அனுப்பினதுக்கு நன்றியா?"

"இல்லை. உங்கள் மந்திரி அனுப்பிவிடுவார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். எங்களிடமும் நிழல்கள் இருக்கின்றன. உங்கள் நாட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் எங்கள் பெட்டியில் இருக்கிறார்கள். உலகத்தில் யாருடைய நிழலிடம் கேட்டாலும் பதில் கொஞ்சம் ஆடும். அந்த அம்மாளுடையது மட்டும் ஆடுவதில்லை. ஆயிரம் விதமாக மாற்றிக் கேட்டோம். கருவி பழுதாகிவிட்டது என்று என் ஆட்கள் ஒருமுறை பிரித்தே பார்த்தார்கள். சும்மா கிடைக்கப்போவதற்கு நான் ஏன் விலை கொடுக்க வேண்டும்? அதனால் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்."

"பிறகு?"

"பிறகு உங்கள் ஊர்ப் பத்திரிகையைப் படித்தேன். அவர் போகிறார், நீங்கள் வருகிறீர்கள். அன்றே உங்கள் நிழலை எழுப்பி, மந்திரியானால் முதல் வேலை என்ன என்று கேட்டேன். கப்பல் பாதையை மூடுவேன் என்றீர்கள்."

பிரதமரிடம் தவிர யாரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"பாதை மூடினால் என் தளபதிகள் என்ன செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பெட்டி தேவையில்லை" என்றார் தசெக். "அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள் என்று போட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். எந்த வழியில் போனாலும் அடுத்த ஆடிக்குள் உங்கள் மிதவைகள் எரிந்தன. எங்கள் ஊரில் ரொட்டிக்குக் கலவரம் நடந்தது. என் தளபதிகளுக்குப் பதினொரு கைதிகள் வேண்டும். எனக்கு அந்த அம்மாள் அந்த நாற்காலியில் இருக்க வேண்டும். எங்கள் எல்லையில் நான் கணக்குப் போடத் தேவையில்லாத ஆள் அவர் ஒருவர்தான். பதினொரு பேரைக் கொடுத்து அவரை வாங்கிக்கொண்டேன். இது தயவு இல்லை, செயலாளரே. நான் செய்ததிலேயே லாபமான வியாபாரம் இதுதான்."

என் பெட்டி ஏன் தோற்றது என்று எனக்கு அப்போது புரிந்தது. தசெக் என்ன செய்வார் என்று ஆயிரம் தடவை கேட்டேன். செங்கமலம் போனால் யார் வருவார், அதைப் பார்த்துத் தசெக் என்ன நினைப்பார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நம்மவர்களை நாம் அளப்பதில்லையே. என் மகனை விடுவித்தது செங்கமலம் என்றால் பாதிதான் சரி. மறுபாதி, என்னைப் பார்த்து எதிரி பயந்தது.

"இதையெல்லாம் ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

"சொன்னால் பதவியை ஏற்பீர்களா என்று உங்கள் நிழலிடம் கேட்டேன்."

"என்ன சொல்லிச்சு?"

"ஏற்க மாட்டேன் என்றது." தசெக் முதல் தடவையாகச் சிரித்தார். "கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான்."

திரும்பி வந்தபோது துறையில் ஊரே திரண்டிருந்தது. பிலோமினா மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில், "அந்த அம்மா எங்க, வரலியா?" என்று தேடினாள். நான் நேராகப் பிரதமரிடம் போனேன்.

"பசங்க வந்தது சந்தோஷம்" என்றார். "ஆனா அந்த அம்மா என் பேச்சைக் கேட்கல. திங்கட்கிழமை ஏற்பாட்டுல மாத்தமில்ல."

"எனக்கு வேண்டாம் ஐயா."

"இருபது வருஷமா இந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டே இருந்தவர் நீங்க."

நான் தயங்கினேன். நிழலுக்குத் தெரிந்திருக்கிறது. "ஆமாங்க. ஆனா இருக்கறவங்களே இருக்கட்டும்" என்றேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். பிரதமர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார். பிறகு, சரி போங்கள் என்று கையைக் காட்டினார்.

செங்கமலம் தன் அறையில் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "அருளப்பன் சாப்பிட்டானா?" என்றார்.

"சாப்பிட்டான் மேடம். அதையெல்லாம் திரும்ப எடுத்து வெச்சிடுங்க, நீங்க எங்கயும் போகல." உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்து தசெக் சொன்னதை முழுசாகச் சொன்னேன். என் நிழல் விஷயத்தையும் மறைக்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப நீங்க இல்லாம நான் ஜெயிச்சிருக்க முடியாது குரூஸ்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்று கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். "உங்க நிழல் அவங்ககிட்ட இருக்கறது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுதான் அனுப்பினீங்களா?"

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

"அப்பவும் அனுப்பியிருப்பேன்."

"நம்ம பசங்க இன்னும் அஞ்சு வருஷம் உள்ள இருப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா?"

"அனுப்பியிருப்பேன்."

"திரும்பி வரவே மாட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா? என் பையன் செத்துப்போவான்னு தெரிஞ்சிருந்தா?"

அவர் கையில் இருந்த குவளையை மேசையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அனுப்பியிருப்பேன் குரூஸ். அப்புறம் சாகற வரைக்கும் உங்க வீட்டு முக்காலியில வந்து உக்காந்திருப்பேன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஒரு தகப்பனிடம் சொல்லுகிற பதிலா இது? எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றபோதுதான் உறைத்தது. என் மகன் அம்மாவின் மடியில் படுத்துத் தூங்குகிறான் என்றால், அவனைக் கொண்டுவந்து சேர்த்தது, எப்படி மாற்றிக் கேட்டாலும் ஆடாத இந்தப் பதில்தான்.